சூடேறினால் அடைந்துவிடும்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது ஐயா. பீடி, சீட்டு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். ஒரு விமானத்தின் மேல் மட்டும் பைத்தியம் உண்டு. அதுவும் பறப்பதை நிறுத்தி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்ட விமானம். உங்களுக்குச் சிரிப்பு வரலாம், வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் சிலுவைமுத்து, எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டையில் ஒரு சாயப்பட்டறையில் பதினாறு வருஷமாக ஃபிட்டர். என்னோடு வேலை பார்த்த மருதுபாண்டி விஷயமாக மூன்று வாரம் முன்னால் இதே ஸ்டேஷனில் உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். உண்மையை எழுதத்தான் இந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் விமானத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. அதன் பெயர் பிளாக்பேர்ட். எதிரி நாட்டை உயரத்திலிருந்து படம் பிடிக்க அமெரிக்காக்காரன் செய்தது. குண்டு, துப்பாக்கி ஒன்றும் கிடையாது. ஏவுகணை துரத்தினால் வேகத்தைக் கூட்டுவான், அவ்வளவுதான். இங்கிருந்து சென்னைக்கு நம் பஸ் ஒன்பது மணி நேரம் உருளுகிறதே, அந்தத் தூரம் அதற்கு எட்டு நிமிஷம். என் போனில் அதன் படம்தான் இருக்கும். "கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளு இப்படிப் பார்த்திருக்கீகளா? அந்தக் கறுப்பு மூதேவியவே கட்டிக்கிட்டு அழுங்க" என்பாள் என் மனைவி அற்புதமேரி.

என்னை மயக்கியது வேகம் இல்லை. அது தரையில் நிற்கும்போது ஒழுகும். நிஜமாகவே எரிபொருள் சொட்டும். பறக்கும்போது உடம்பு கொதித்துத் தகடுகள் விரியும் என்பதால், இடைவெளி விட்டே பூட்டியிருந்தார்கள். மேலே போய்ச் சூடேறியதும் இடைவெளி தானாக அடைந்துவிடும். ஆயுசு முழுக்க ஒழுகலை அடைத்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டறையில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. டீ நேரத்தில் என்னைக் கண்டால் எழுந்து போவார்கள். மருதுபாண்டி ஒருவன்தான் உட்கார்ந்து கேட்பான். நரிக்குடிப் பக்கத்துக்காரன், பாய்லர் ஆப்பரேட்டர், என்னைவிடப் பத்து வயது இளையவன். "அம்புட்டு வேகத்துல போனா டிரைவருக்குக் காது அடைக்காதாண்ணே?" என்று கேட்பான். கேட்பவன் ஒருவன் கிடைத்தால் சொல்கிறவனுக்குத் தலைகால் தெரியாது.

யூடியூபில் எனக்கு ஒரு சேனல் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

எங்கள் பாய்லர் தண்ணீருக்கானது இல்லை. நூல் காயவைக்கும் மிஷினுக்குக் கொதிக்கிற எண்ணெயை அனுப்புவது. அதில் இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைத்த இடத்தில், கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட் வளையம் தேய்ந்துவிட்டது. காலையில் பாய்லர் ஆறிக் கிடக்கும்போது எப்போதாவது ஒரு சொட்டு விழும். சூடேறினால் நின்றுவிடும். மருதுபாண்டி வந்து சொன்னான். புதுக் கேஸ்கட் ஸ்டோரில் இருந்தது. மாற்ற அரை நாள் வேலை.

நான் மாற்றவில்லை. "ஏலே, இதுவும் நம்ம பிளாக்பேர்ட்தாண்டா. சூடேறினா அடைஞ்சிரும்" என்றேன். அவன் அப்படியொரு சிரிப்புச் சிரித்தான். அந்த நிமிஷமே வீடியோ எடுக்க முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை எடுத்தோம். குழாய்க்குப் பக்கத்தில் நின்று நான் விமானத்தைப் பற்றிப் பேசுவேன், அவன் பாய்லரைப் பற்றவைப்பான், ஒழுகல் நிற்கும். நன்றாகத்தான் வந்தது. சேனலில் போட்ட இரண்டாம் நாளே பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். மருதுபாண்டி அதை ஊரெல்லாம் காட்டினானாம்.

ஒன்றை நான் அதில் சொல்லவில்லை. அந்த விமானத்தில் எந்த இடத்தில் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். தாண்டினால் சரி செய்யாமல் விடமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். சொன்னால் கதையில் சுவை குறையும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மருதுபாண்டி போன் செய்தான். "அண்ணே, சூடேறியும் நிக்கல. அணைச்சிறவா?" நான் பட்டறைப் பின்கட்டில் உட்கார்ந்து வீடியோவுக்கு வந்திருந்த பாராட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போனால் அறுபது அடி தூரம். "இன்னும் கொஞ்சம் ஏத்துடா" என்றேன். ஏற்றினான். நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்திருக்கிறான். இணைப்பு பிளந்து கொதிக்கிற எண்ணெய் அவன் முகத்தில் பீறிட்டது.

நான்கு நாள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். இரண்டாம் நாள் அவனைப் பார்த்தேன். முகத்தில் கட்டு. குரலை வைத்து நான்தான் என்று தெரிந்துகொண்டான். "அண்ணே, நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரி இன்னுங் கொஞ்சம் சூடேற விட்டிருந்தா அடைஞ்சிருக்கும்ல?" என்று கேட்டான்.

நான் "ஆமாடா" என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது ஐயா. சாகிறவனிடம்கூட என் விமானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு உங்களிடம் வந்து, ஒழுகலைத் தானே நிறுத்தப்போய் அவனே போல்ட்டைக் கழற்றிவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது கை கூசவில்லை.

போன வாரம் அவன் மனைவி வெள்ளைத்தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "கழட்டக்கூடாததக் கழட்டிச் செத்தான்னு ஊரே பேசுதுண்ணே. எம் மகன் பள்ளிக்கூடத்துலயும் கேக்குறாகளாம். அவுக அப்படிச் செய்யிற ஆளா? நீங்க சொல்லுங்க." அற்புதமேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். படியிறங்கும்போது வெள்ளைத்தாய் திரும்பி, "அந்தப் படத்தை மட்டும் அழிச்சிராதீகண்ணே. அதுலதான் அவுக சிரிச்சுக்கிட்டு இருக்காக" என்றாள்.

போல்ட்டைத் தளர்த்தியது நான். வீடியோ எடுத்த அன்று சொட்டு சரியாக விழவில்லை. கேமராவில் தெரியவே இல்லை. இரண்டு போல்ட்டை என் ஸ்பானரால் கால் சுற்றுத் தளர்த்தினேன். எடுத்து முடித்ததும் இறுக்கியிருக்கலாம். இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கும் என்று அப்படியே விட்டேன். தளர்த்தியது மருதுபாண்டிக்குத் தெரியாது. அவன் பழைய ஒழுகல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். அவனைக் கொன்றது நான், அவன் பேரைக் கெடுத்ததும் நான். அவன் மகனுக்கு இது தெரிய வேண்டும்.

ஸ்பானர் பிடித்த பகுதியை வீடியோவிலிருந்து வெட்டிவிட்டேன். வெட்டாதது என் போனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சேனலில் உள்ளதை நான் அழிக்கவில்லை. அந்தப் பெண் கேட்டுக்கொண்டதற்காகத்தான், வேறொன்றுமில்லை. நேற்று சாயங்காலம் வரை நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் பார்ப்பீர்கள். தயவுசெய்து கடைசிவரை பாருங்கள் ஐயா. பாதியில் நிறுத்தினால் எண்ணெய் தானாக நிற்பது தெரியாமல் போய்விடும்.