கணவாயின் மேல் ஒரு குடில்

நடைப்பயணக் கையேடு வாங்குகிறவர்கள் முதலில் அதைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டையில் சூரிய உதயம் போட்டிருந்தால் உள்ளே கனமான தாளாகத்தான் இருக்கும். இரண்டு மேடு ஏறுவதற்குள் தோள்பட்டை நம்மைத் திட்ட ஆரம்பித்துவிடும். அடுத்து, எழுதியவர் அந்தப் பாதையில் நடந்தவரா, நடந்தவரிடம் கேட்டவரா என்று பார்க்க வேண்டும். 'இங்கே தண்ணீர் கிடைக்காது' என்று எழுதியிருந்தால் நடந்தவர். 'மனதை மயக்கும் காட்சி' என்று எழுதியிருந்தால் கேட்டவர். எங்கள் பதிப்பகத்தில் மனதை மயக்குகிற வேலை என்னுடையது என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மேடம் தாராளமாகச் சிரிக்கலாம். என் தங்கையும் இந்த இடத்தில் சிரிப்பாள்.

வரைபடங்களைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். மலைத்தொடர் முழுவதும் எனக்கு மனப்பாடம். என் கால் பட்டதிலேயே உயரமான இடம் எங்கள் அலுவலக மாடி. அதுவும் லிஃப்டில் போனது. அப்பா அம்மாவுக்குப் பிறகு வீட்டில் நானும் தங்கையும் மட்டும். வாலு என்று கூப்பிடுவேன். ஒருநாள் நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, நான் மலைத்தொடர் முழுக்க நடக்கப் போறேன். இந்த முனையில ஆரம்பிச்சு, அந்தப் பக்கம் கடல் வரைக்கும்."

"தாராளமா போ. எந்தப் புக்கை வச்சு?"

"ஏதோ ஒண்ணு."

"கடைக்கு வர்றவங்களுக்கு ஏதோ ஒரு மாத்திரையைத்தான் எடுத்துக் குடுப்பியா?"

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். 

நான் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் அலுவலக விதியை மட்டும் சொன்னேன்: வெவ்வேறு பதிப்பகங்களின் இரண்டு புத்தகங்கள் முழுப் பாதைக்கும் ஒத்துப்போகிற வரை எதையும் நம்பக் கூடாது.

"உன்னைக் கேட்டா கக்கூஸ் போறதுக்கே ரெண்டு மேப்பு வேணும்ப" என்றாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். இரண்டு கையேடுகள் ஒத்துப்போய் என் உத்தியோக வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. ஒன்றில் ஓடைக்கு இடப்பக்கம் போகிற பாதை இன்னொன்றில் வலப்பக்கம் போகும். ஒருவர் பாலம் என்பதை இன்னொருவர் மரக்கட்டை என்பார்.

நான் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். பழைய பதிப்பு, புதிய பதிப்பு, மடித்தால் திரும்ப மடிக்க முடியாத வரைபடங்கள். கட்டிலுக்கு அடியில் இடம் போதாமல் ஜன்னலை ஒட்டி அடுக்கினோம். பிறகு அவள் அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. தேர்ந்தெடுப்பது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை என்பதால், நானே மருந்துக்கடைக்குப் போய் அவள் இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"என்னைக் கேக்காம எப்படிடா சொல்லுவ?"

"நீ படிச்சுக்கிட்டு இருந்த. தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்தேன்."

அவளுடைய பூட்ஸைப் பரண்மேல் எடுத்து வைத்தேன். தோல் பாழாகிவிடும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதும் என்பது என் அபிப்பிராயம். அது என்னிடம் இருந்தது. காலையில் வெளியே பூட்டிக்கொண்டு கிளம்புவேன். புத்தகங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவை, திருட்டுப் போனால் யார் பதில் சொல்வது? "நீ அண்ணன் இல்லடா, ஜெயிலரு" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு ஒருநாள் அதையே சிரிக்காமல் சொன்னாள். எனக்கு முதல் தடவை சொன்ன விதம்தான் பிடித்திருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம், நான் கதவைத் திறந்ததும் எதிரே இரண்டு புத்தகங்களோடு நின்றாள். ஒன்று எங்களுடையது, மற்றது எங்கள் போட்டிக் கம்பெனியுடையது.

"ரெண்டும் ஒத்துப்போகுது."

உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒத்துத்தான் போயின. ஓடை, பாலம், வழிநெடுகத் தங்குமிடங்கள், கடைசிக் கணவாயின் மேல் இருக்கும் கற்குடில் வரை அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரைபடம் போடுகிறவர்கள் இல்லாத ஒன்றை எங்காவது நுழைத்து வைப்பதுண்டு. யாராவது காப்பியடித்தால் அதை வைத்துப் பிடித்துவிடலாம். வழக்கமாக ஒரு சின்னக் குட்டையோ, சந்தின் வளைவோ போடுவோம். யாருக்கும் கெடுதல் இல்லை. குடில் போடுகிற வழக்கம் கிடையாது. எங்கள் புத்தகத்துக்காக அந்தக் கணவாயைச் சரிபார்த்த அன்று எனக்குக் கொஞ்சம் உற்சாகமாக இருந்தது. பச்சைத் தகரக் கூரை போட்டேன், உள்ளே அடுப்பும் வைத்தேன். போட்டிக் கம்பெனிக்காரர்கள் அடுப்பைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள்.

குடில் பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும்? "சரி, கூடாரம் எடுத்துக்கறேன்" என்று மறுநாளே கிளம்பிவிடுவாள். உண்மையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பொய்யை நம்பிப் போனால், வழியில் எங்காவது ஒரு முறை நன்றாகப் பயந்துபோய்த் திரும்பி வருவாள். அதன் பிறகு வாசற்படி தாண்ட மாட்டாள். நான் யோசித்தது இவ்வளவுதான்.

விதி விதிதான் என்று சொல்லி, பரணிலிருந்து பூட்ஸை இறக்கிப் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன்.

அவள் அழுதுவிட்டாள். "உன்னைப் போய் என்னென்னவோ நினைச்சுட்டேன்டா."

வழியிலிருந்து போன் செய்வாள். முதலில் கால் வலி, கொப்புளம் என்று வரிசையாகச் சொன்னாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. போகப்போகப் புலம்பல் குறைந்தது. யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கும், "அப்புறம் பேசறேண்ணா" என்று வைத்துவிடுவாள். கடைசிக் கணவாய்க்குக் கீழே இருக்கும் ஊரிலிருந்து ஒரு மத்தியானம் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரு நல்ல சேதி. கடல் பக்கத்து ஊர்ல ஒரு மருந்துக்கடையில ஆள் கேக்கறாங்களாம். போனதும் சேர்ந்துக்கலாம்னு இருக்கேன். அங்கயே ஒரு ரூம் பார்த்துக்கிட்டு இருந்துடுவேன். நீயும் லீவு போட்டுட்டு வா, கடலைப் பாரு. மேப்புல இருக்கறதைவிட நீலமாத்தான் இருக்கும்."

"சரி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் குடிலைப் பற்றிக் கேட்டாள்.

"வானம் கறுத்துக்கிட்டு வருது. எதிர்ல வந்த ஒருத்தரு, மேல குடிலே கண்ணுல படலைங்கறாரு. ராத்திரி இங்கயே தங்கிடவா, ஏறிடவா?"

"அவரு எந்தப் புக்கு வச்சிருந்தாரு?"

"புக்கே வச்சிருக்கலை."

"அப்புறம் என்ன?"

சிரித்தாள். "விளையாடாதடா. நீயே சொல்லு, இருக்கா இல்லையா? நீ சொன்னா போதும்."

"இருக்கு. ஏறிடு. உள்ள அடுப்புகூட இருக்கு."

அடுப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

குடில் அச்சாகியிருந்த இடத்திலேயே அவளைக் கண்டெடுத்ததாக மீட்புக் குழுவினர் சொன்னார்கள். அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பனியில் காலடித் தடம் இருந்ததாம். அந்தக் காற்றிலும் வழி பிசகாமல் சரியான புள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். வரைபடம் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இனி நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம் மேடம். கூடாரம் இல்லாமல் போகிறாள் என்று தெரியும். அன்று ராத்திரி மேலே என்ன குளிர் அடிக்கும் என்று தெரியும். குடில் இல்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் கிடையாது. தங்கையைக் கொன்றது நான்தான். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

ஆனால், நான் அவளை வீட்டிலேயே அடைத்து வைத்திருந்தேன் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னதாக மேலே ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அவளைப் போகச் சொன்னதே நான்தான்.