துளையில் சேராத பின்

“சுவிட்சா, பின்னா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலைங்க நட்டு. மழை விடறதுக்குள்ள எனக்கு முடிவு தெரியணும்.”

“மழை விட்டதும் எவன் கடையைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் டாக்டர்? பல்லு புடுங்கற மாதிரி அவசரப்படுறீங்களே.”

தகரக் கொட்டகைக்குள் சிரிப்பு எழுந்தது. கூரை மேல் கொட்டிய மழை அதை உடனே விழுங்கிவிட்டது. காட்டுப் பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் கொட்டகை. வெளியே மூன்று ஜீப் வண்டிகள், சக்கரமெல்லாம் சேறு. உள்ளே ஒரே ஒரு கை விளக்கைச் சுற்றி நான்கு பேர். புது வண்டி வாங்கியிருந்த பல் டாக்டர் அம்மா. எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு மிஞ்சிவிடுவதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்ட மெக்கானிக். ஒரு கேமராக்காரர். அவரை ஏற்றி வந்த வாடகை வண்டி ஓட்டுநர். ஓட்டுநர் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

பேச்சு ஸ்வே பார் பற்றியது. முன்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கும் கம்பி அது. தார்ச்சாலை வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கல்லும் பள்ளமும் வந்தால் அந்தப் பிடியே இடைஞ்சல். காட்டுக்குள் நுழையும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும், வெளியே வந்ததும் மறக்காமல் மாட்ட வேண்டும். டாக்டரின் வண்டியில் கழற்றும் வசதி எதுவும் இல்லை. பகல் முழுக்க ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு தவித்துவிட்டார்.

“சுவிட்சுன்னா உக்காந்த எடத்துல விரலால தட்டினாப் போதும்,” என்றார் நட்டு. “ஆனா விலை ஜாஸ்தி. சேத்துத் தண்ணி உள்ள போச்சுன்னா நட்டநடுக் காட்டுல மக்கர் பண்ணும். பின்னு அப்படியில்ல. கம்பியோட ரெண்டு முனையையும் பூட்ட ரெண்டு இரும்புப் பின்னு, ரெண்டு கிளிப்பு. உங்க பேரப்புள்ளை காலத்துக்கும் உழைக்கும். என்ன, தரையில படுத்து மாட்டணும். சரிவுல நின்னுட்டா துளை நேர் வராது. ஒருத்தர் பம்பர் மேல ஏறி வண்டியை ஆட்டணும். துளை நேர் வர்ற அந்த நொடியில கீழ படுத்தவர் சொருகணும்.”

“அப்போ பின்னுதான்னு சொல்றீங்க.”

“பொறுங்க. பின்னுக்கு ஒரே ஒரு வியாதி உண்டு... மறதி.” நட்டு குரலைத் தாழ்த்தினார். “என் சிநேகிதனோட சித்தப்பா பையன் பழைய வண்டி ஒண்ணு வாங்கினான். அவனுக்கு நடந்தது இது. கேட்டுட்டு அப்புறம் யாரும் வண்டிக்கு அடியில படுக்க மாட்டேன்னு அழக் கூடாது.”

கேமராக்காரர் காலை மடக்கிக்கொண்டு விளக்கருகே நகர்ந்தார்.

“ராத்திரி எட்டே முக்கால்... இதே மாதிரி ஒரு பாதை. முன்னாடி பின்னாடி ஒரு வண்டி கிடையாது. அப்பத்தான் மழை விட்டிருக்கு. தார் ரோடு ஆரம்பிக்கிற எடத்துல நிறுத்தறான். தனி ஆளு. பின்னை எடுத்துக்கிட்டுக் குனியறான்... அடியில சத்தம். டிக்... டிக்... இரும்புல இரும்பு. யாரோ துளையைத் தேடற மாதிரி. வலது பக்கம் மட்டும். லைட் அடிச்சுப் பாக்கறான்... ஒருத்தரும் இல்ல. ஈர மண்ணுல முதுகு பதிஞ்ச தடம். ஆள் நீளத்துக்கு.”

கூரையில் மழை கொஞ்சம் தணிந்திருந்தது.

“அப்புறந்தான் விசாரிச்சிருக்கான். அந்த வண்டியை முன்னாடி வெச்சிருந்தவரும் அவரோட கூட்டாளியும் ஒரு மழை ராத்திரியில காட்டுலேர்ந்து இறங்கியிருக்காங்க. கூட்டாளிதான் படுத்து மாட்டினான். இடதை மாட்டிட்டு வலதை மறந்துட்டான். ஒரு பக்கம் மட்டும் மாட்டினா மாட்டாததுக்குச் சமம். நாலாவது வளைவு... வண்டி புரண்டுது. ஓட்டினவருக்கு ஒரு கீறல் இல்ல. மறந்தவன் போய்ச் சேர்ந்தான். செத்த பிறகு ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்? இன்னும் மாட்டிக்கிட்டே இருக்கான்...”

“சின்ன அசட்டைக்கு எவ்வளவு பெரிய விலை,” என்றார் டாக்டர்.

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார்.

செத்தவன் கூட்டாளி இல்லை. இந்த ஓட்டுநருடைய மனைவியின் தம்பி. நாலாவது வளைவு மெய். மற்றது அவரே கட்டிய கதை. ஆறு வருடம் வாய்க்கு வாய் சுற்றி, வழியில் ஒரு பேயையும் ஏற்றிக்கொண்டு, இந்தக் கொட்டகைக்கு அவரைத் தேடி வந்துவிட்டது.

அவன் மறக்கவில்லை. இடது பக்கம் சட்டென்று விழுந்தது. வலது பக்கம் சரிவு. துளை மயிரிழை தள்ளியே நின்றது. “இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க” என்றான். பம்பரில் நின்று ஆட்டினார். மறுபடி கேட்டான். மறுபடி ஆட்டினார். மழை கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. மூன்றாவது தடவை கேட்டபோது கீழே குதித்துவிட்டார். “போதும் எழுந்திருடா. மெதுவாத்தான ஓட்டப்போறேன்.” அவன் முடியாது என்றான். அவர் கத்தினார். சேற்று முதுகோடு ஏறி உட்கார்ந்தவன் வழக்கம்போல ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, பின்னைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான். அதன் பிறகு பேசவில்லை. அவரும் மெதுவாக ஓட்டவில்லை.

வண்டி புரண்டு நின்றபின், ஆட்கள் வந்து சேர்வதற்குள், அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தப் பின்னை எடுத்தார். விரல்களில் இன்னும் சூடு இருந்தது. “மாட்டிட்டேன்னு சொன்னான். நம்பி ஓட்டினேன்” என்று எல்லாரிடமும் சொன்னார். மனைவியிடமும் சொன்னார். இன்றும் சாப்பிட உட்காரும்போது அவள் திடீரென்று கையை நிறுத்திக் கேட்பாள், “அவன் எதையும் மறக்கிற ஆளில்லையேங்க?”

புரண்ட வண்டியைத் தட்டி நேராக்கி விற்றாயிற்று. பின்னை மட்டும் எறிய முடியவில்லை. சட்டைப் பையிலேயே கிடக்கிறது. அதற்குப் பிறகு அவர் யாரையும் தன் வண்டியை ஆட்டச் சொன்னதில்லை. சமதரை தேடி, ஜாக்கி வைத்து, தனியாகவே மாட்டிக்கொள்வார்.

இவர்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இவர்களுக்கு அவனைத் தெரியாது. இங்கே ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்டால் வீட்டில் சொல்லவும் வாய் வரும்.

“அவன் மறக்கல,” என்றார்.

மூவரும் திரும்பினார்கள்.

“அட, டிரைவருக்கு வாய் இருக்கு!” என்றார் நட்டு. “உங்களுக்கு எப்படிங்க தெரியும்? பேய் உங்களுக்குச் சொந்தமா?”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கேமராக்காரரும் சேர்ந்துகொண்டார். விளக்கு அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

“இல்ல... எங்கயோ வேற மாதிரி கேட்டேன்.”

“வேற மாதிரின்னா?”

“ஒண்ணுமில்லைங்க. நீங்க சொன்னதுதான் சரி. அவன்தான் மறந்திருப்பான்.”

மழை நின்றது. குழாயை மூடியதுபோல, ஒரே நொடியில். கூரை விளிம்பிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே...

டிக்.

நட்டு கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார்.

டிக்... டிக்...

“யாரு வண்டிக்கடியில?” கேமராக்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“நாலு பேரும் இங்கதான இருக்கோம்...”

டாக்டர் எழுந்து கதவோரம் போய் விளக்கைத் திருப்பினார். வெளிச்சம் வாடகை வண்டியின் வலது முன்சக்கரத்தில் நின்றது. சக்கரம் அசையவில்லை. அதன் ஓரமாக, சேற்றில், இரண்டு குதிகால்கள் அழுந்திய பள்ளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது.

ஓட்டுநரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. துணி மட்டும் நனைந்திருந்தது.

முதலில் ஈர மண் வாசனை வந்தது. அப்புறம் கிரீஸ். அப்புறம், நட்டுவின் கதையில் எங்குமே வராத புதினா.

டிக்... ஒரு பெருமூச்சு. பிறகு, கோபமே இல்லாத ஒரு குரல், பொறுமையாக:

“மாமா... இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க.”