மோட்டார் கொட்டகையில் பத்து நிமிடம்

— பதினெட்டு.

— என்ன பதினெட்டு, டீச்சர்?

— மார்க்கு. நூத்துக்குப் பதினெட்டு. நீங்க எழுதிக் குடுத்த அப்பீல் மனுவ ஊரப்பாக்கத்துல ரயில் ஏறி தாம்பரத்துல இறங்கறதுக்குள்ள திருத்திட்டேன் சார்.

— அது ஹைகோர்ட்டுக்குப் போற மனு. அதுல போய் சிவப்பு மையால...

— ஆறாவது பக்கம் படிங்க.

— எனக்கு மனப்பாடம். இருபத்தெட்டு வருஷமா இந்த வக்கீல் தொழில்ல...

— படிங்க சார்.

— "மேல்முறையீட்டாளருக்கு மனைவியும், மூன்று பச்சிளங் குழந்தைகளும்..."

— என் தம்பிக்குக் கல்யாணமே ஆகல. ஜெயவேலு புழல் ஜெயில்ல ஆயுள் தண்டனையில கெடக்கறான். நீங்களே கல்யாணம் பண்ணி மூணு பெத்துக் குடுத்துட்டீங்க.

— அது... டைப் பண்ற பொண்ணு பழைய ஃபைல்லேருந்து அப்படியே...

— ஒன்பதாவது பக்கத்துல மாந்தோப்புன்னு இருக்கு. அவன் அடிச்சது நெல் வயல்ல.

— அதுவும் அந்தப் பழைய கேஸ்தான். பெரிய கேஸ் அது. நான் வாதாடி முடிச்சதும் நீதிபதி பேனாவ கீழ வச்சுட்டார். அப்படியே என்னையே பார்க்கறார்.

— ஆள் வெளிய வந்தானா?

— ...தீர்ப்பு வேற. வாதம்னு ஒண்ணு இருக்கில்லையா.

— இருக்கு. உங்களுக்கு.

— கோபமா இருக்கீங்க. ஏசிய கொஞ்சம் கூட்டச் சொல்றேன்.

— ஏசியில அடங்கற கோபம் இல்ல சார் இது. வாசல் போர்டுல உங்க பேரு சின்னதா இருக்கு, பேருக்குப் பின்னாடி பட்டம் ரெண்டு வரிக்குப் போகுது. அத்தனை படிச்சும் ஒரு கேள்வி கேக்க வரலையே.

— என்ன கேள்வி?

— செங்கல்பட்டு கோர்ட்ல சாட்சி என்ன சொன்னான்? பக்கத்து வயல்காரன் வரப்ப வெட்டி மழைத்தண்ணிய எங்க வயல்ல விட்டான், சண்டை வந்துச்சு, ரெண்டு பேரும் சேத்துல புரண்டாங்க. அப்புறம் ஜெயவேலு எழுந்து மோட்டார் கொட்டகைக்குள்ள போனான். பத்து நிமிஷம் கழிச்சு வந்து மண்வெட்டியால ஒரே அடி.

— அந்தப் பத்து நிமிஷத்தத்தான் நீதிபதி பிடிச்சுக்கிட்டார். சண்டையோட சண்டையா அடிச்சிருந்தா திடீர் ஆத்திரம், தண்டனை குறையும். பத்து நிமிஷம் தனியா உட்கார்ந்து யோசிச்சுட்டு வந்து அடிச்சா அது கொலை. தீர்ப்போட உயிர்நாடியே...

— தெரியுதில்ல? நாப்பது கேள்வி கேட்டீங்க அந்த சாட்சிய. வரப்பு எத்தனை அடி உயரம், வானம் மேகமா இருந்துச்சா, கண்ணாடி பவர் என்ன. கொட்டகைக்குள்ள அவன் என்ன பண்ணான்னு ஒரு வார்த்தை? சாட்சியையும் கேக்கல, ஜெயவேலுவையும் வாய் திறக்க வைக்கல.

— அதுக்குப் பேரு ஸ்ட்ராடஜி.

— இந்த மனுவுலயும் அதப் பத்தி ஒரு வரி இல்ல. இதுவும் ஸ்ட்ராடஜியா?

— டீச்சர், பதில் தெரியாத கேள்விய கூண்டுல நிக்கறவன்கிட்ட கேக்கவே கூடாது. எங்க தொழில்ல முதல் பாடம் அது.

— அப்போ உங்களுக்கு பதில் தெரியாது.

— ...காபி சொல்லட்டுமா?

— தெரியுமா, தெரியாதா?

— வேணாம். அதுல கை வைக்காதீங்க. வேற நாலு பாயின்ட் இருக்கு. மண்வெட்டியில ரத்தக்கறைய சோதிச்சது...

— ஃபைலக் குடுங்க. கீழ்க்கட்டளை ஏரியாவுல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. அவங்க கேப்பாங்க.

— யாரக் கேப்பாங்க? அப்பீல்ல சாட்சி கிடையாது. இருக்கற காகிதத்த வச்சுத்தான்...

— கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லி தனியா மனு போடலாமாம். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.

— போடலாம். போட்டா என்ன வெளிய வரும்னு தெரியுமா உங்களுக்கு?

— நீங்க சொல்லுங்க.

— உக்காருங்க முதல்ல.

— நிக்கறேன். சொல்லுங்க.

— போன் வரும். கொட்டகைக்குள்ள உக்காந்து உங்க தம்பி ஒரு போன் பண்ணான். நேர்ல பார்த்த சாட்சி இருக்குன்னு போலீஸ்காரங்க கால் லிஸ்ட் எடுக்கல. ஏழு நிமிஷம் பேசியிருக்கான்.

— யாருகிட்டன்னு சொன்னானா?

— கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொன்னான். ஜெயில்ல, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு. "அத மட்டும் கேட்டுடாதீங்க சார், அக்கா பேரு கோர்ட்ல வரக்கூடாது, வேலை போயிடும்"னான்.

— என் வேலைக்காகவா?

— திட்டம் போடத்தான் உள்ள போனான்னு சொல்றாங்க, அந்தப் போன் ஒண்ணு போதும் அத உடைக்கன்னு மூணு தடவ சொன்னேன். அன்னிக்கு நான் இங்கிலீஷ்ல எதுவும் பேசல டீச்சர், கெஞ்சினேன். "நீங்க கேட்டா, போனே பண்ணலன்னு சொல்லிடுவேன்"ங்கறான். போன் பண்ணத நிரூபிச்சா, அந்தப் பக்கம் பேசின ஆளையும் கூண்டுல ஏத்துவாங்க. அது அவனுக்குப் புரிஞ்சிருக்கு.

— என்ன பேசினோம்னு சொன்னானா?

— சொல்லல. நானும் கேக்கல. "விட்டுட்டு வீட்டுக்குப் போடா"ன்னு சொல்லியிருப்பீங்க. வேற என்ன சொல்லப் போறீங்க...

— அவன்தான் சார் விட்டுட்டுப் போறேன்னான். "சட்டையெல்லாம் கிழிஞ்சிடுச்சுக்கா, நான் வீட்டுக்குப் போறேன், நாளைக்கு வி.ஏ.ஓ.கிட்ட எழுதிக் குடுக்கலாம்"னான். அதுக்கப்புறம் ஏழு நிமிஷமும் நான்தான் பேசினேன். அப்பாவும் இப்படித்தான் பயந்து பயந்து பாதி நெலத்த விட்டாரு, நீயும் விடு, மண்வெட்டிய கைல வச்சுக்கிட்டு பொம்பளைக்கு போன் பண்ணி அழுன்னு சொல்லிட்டு கட் பண்ணேன். ரெண்டு வருஷமா ஒரு வாய்தா விடாம லீவு போட்டு வந்து கோர்ட்ல கடைசி பெஞ்சுல உக்காந்தேன். இன்னிக்காவது நீங்க கேட்டுடுவீங்க, அவன் வாயால வந்துடும், நானா சொல்ல வேண்டியிருக்காதுன்னு.