தேயாத டயர்

மலாயாவில், கிள்ளான் ரயிலில் என் எதிரே ஒரே ரப்பர் தோட்டத்துக்காரர்கள் இருவர். ஒருவர் லோரி டிரைவர், மற்றவர் ரப்பர் மரம் கீறிப் பால் வெட்டுகிறவர்.

“புது லோரியோட வந்த டயருண்ணே, ரெண்டு வருசமாகியும் தேயல,” என்றார் டிரைவர்.

“எப்படித் தேயும்? பொஞ்சாதிக்கு பிரசவ வலின்னு லோரி கேட்டேன். ஆளுக்கெல்லாம் ஓட்டினா டயர் தேஞ்சிடும்னுட்டாரு துரை. கம்பளியில போட்டு நாலு பேரு தூக்கிட்டு நடந்தோம். ஆஸ்பத்திரி வாசல்ல அவ உயிர் போயிடுச்சு.”

“துரை உத்தரவு. நான் என்னண்ணே செய்வேன்?”

“வழியில ஹாரன் அடிச்சு எங்கள ஒதுக்கிட்டு, ரப்பர் ஷீட்டோட தாண்டிப் போனியே தம்பி. அதுல அவ வெட்டின பாலும் இருந்துச்சு.”

டிரைவர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொண்டார்.