ப்ளக்க நக்கிப் பாரு சார்

கைய நீட்டிப் பேசாத சார். மொதல்ல கைய எறக்கு. எங்க நைனா பெட்ரோல்ல தண்ணி கலந்தத நீ கண்ணால பாத்தியா? பாக்கல. மானேஜர் சொன்னாரு, டைப்படிச்சிக் குடுத்தாரு, நீ பாரிஸ் கார்னர் ஆபீஸ்லேர்ந்து கார்ல வந்து எறங்கி அந்தக் கடுதாசிய ஆட்டிகினு நிக்கிற. டிரைவருக்குப் படிக்கத் தெரியாது, பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. படிக்குது, அத்த இஸ்துகினு வா, படிச்சிக் காட்டி ரேகை வாங்கிக் குடுத்துரும்னு ஆள் அனுப்புன. வந்துட்டேன். படிச்சும் பாத்துட்டேன். டிரைவர் தேசப்பன் பெட்ரோலத் திருடி வித்தாரு, கொறைக்குத் தண்ணிய ஊத்துனாரு, வண்டி பாதி வயில நின்னுபோச்சி, அடிபட்ட கூலி டோக்கன் நம்பர் நாப்பத்தேழு ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள செத்துட்டான். அதானே? இதுல ரேகை வெச்சா எங்க நைனாவுக்கு ஜெயிலு.

வைக்காட்டி? ஷெட்டுக் கதவ வெளிய பூட்டிகீற. அதுக்கு அந்தாண்ட ரெண்டு தடியனுங்க. நான் வர்றதுக்கு முன்னயே அவரு கட்ட வெரல்ல மை பூசி வெச்சிகீறீங்கோ. தோ பாரு, என் தாவணியிலதான் தொடச்சேன்.

இன்னாது? அவரு வாயே தொறக்கலையா? மூணு நாளா யாராண்டயும் தொறக்கல சார். வூட்டுலயும் இப்டித்தான். சோறு போட்டா தட்டப் பாத்துகினு குந்திகீறாரு. பேசாதவனெல்லாம் குத்தவாளின்னா, எங்க கணக்கு டீச்சர் கேள்வி கேக்குறப்ப பாதி கிளாஸு ஜெயிலுக்குப் போவணும்.

அவரு பேசாட்டி போவட்டும். வண்டி தோ நிக்குது. ஸ்டார்ட் பண்றேன், கேளு.

கேட்டியா? தட தடன்னு ரெண்டு அடி, அப்பால ஒரு திக்கல். சிரிக்காத சார். பொட்டப் புள்ளைக்கு இஞ்சினப் பத்தி இன்னா தெரியும்னு தானே? வெள்ளக்காரன் சண்ட முடிஞ்சி ஏலத்துல வுட்டுட்டுப் போன ஜீப்பு இது. இது ஓடுன நாள வுட எங்க நைனா இதுக்குக் கீய படுத்துகினு இருந்த நாளுதான் ஜாஸ்தி. ஸ்பானர் எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனச்ச?

இந்தக் கட்டப்புடி ஸ்குரு டிரைவர ப்ளக்குல வெச்சி இரும்பத் தொட்டா, அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் கரண்டு பூடும். மொத ப்ளக்கு. சத்தம் எறங்கிச்சா? ஆங், அப்ப அது நல்லா கீது. ரெண்டாவது. ஒண்ணும் மாறல. மூணாவது. இதுவும் மாறல. நாலாவது... பாத்தியா, நின்னே போச்சி.

இப்ப பதில் சொல்லு. நாலுக்கும் பெட்ரோலு ஒரே டேங்கிலேர்ந்து வருது. தண்ணி கலந்திருந்தா நாலும் நொண்டணும். ஓரத்துல கீற ரெண்டும் ஒயுங்கா ஓடுது, நடுவுல ஒட்டிகினு கீற ரெண்டு மட்டும் செத்துகீது. எப்டி சார்? கூரையில இன்னா தேடுற?

இரு, துணியச் சுத்திக் கயட்டுறேன். இந்தா, மூணாவது ப்ளக்கு. ஈரமா கீதா? நக்கிப் பாரு. கலீஜா? செரி, நான் நக்குறேன். உப்பு சார், கடலுப்பு. ரேடியேட்டர் மூடியத் தொறந்து பாரு, உள்ள வெள்ள வெள்ளயா பூத்துகீது. அந்த உப்புத் தண்ணிதான் இஞ்சின் தலைக்குக் கீய கீற பாக்கிங் தகட்ட அரிச்சித் துன்னு, ரெண்டு சிலிண்டருக்குள்ளயும் பூந்துகீது. ஒரு நாள்ல ஆவுற வேல இல்ல இது. மாசக்கணக்கா ஆவும்.

ரேடியேட்டர்ல யாராவது உப்புத் தண்ணி ஊத்துவாங்களான்னா? அப்டி கேளு. இந்தக் கம்பெனியில நல்ல தண்ணிக் கொயா ஒண்ணே ஒண்ணு. போன பங்குனியிலேர்ந்து அத்தப் பூட்டி, சாவிய மானேஜரு பங்களாவுக்கு எடுத்துகினு பூட்டாரு. ரோசாச் செடிக்குப் பத்தலையாம். குடிக்கிற தண்ணிக்கே எங்க பொம்பளைங்க ஒரு மைலு நடக்குறாங்கோ, வண்டிக்கு இன்னா கெடைக்கும்? மொகத்துவாரத்துத் தண்ணிதான். இஞ்சின் பூடும் தொரன்னு நைனா நாலு தபா போயி நின்னாரு. கடக்கரக்காரனுக்கு உப்புத் தண்ணின்னா இன்னாடா பயம்னு சிரிச்சாராம் உங்க மானேஜர்.

அப்ப இத்த அவரே சொல்லியிருக்கலாமேன்னு கேக்குற. அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வண்டி நின்னப்பவே தெரியும். சொன்னா நீ இன்னா எயுதுவ? தண்ணி ஊத்துனவன் யாருன்னு எயுதுவ. ஷிப்ட்டுக்கு முன்னாடி தெனம் மொகத்துவாரத்துல எறங்கி வாளியில மொண்டாந்து ஊத்துனது டோக்கன் நாப்பத்தேழு. செத்தவன் மேலயே பயியப் போட்டு ஃபைலக் கட்டிருவ. அதான் அவரு வாயத் தொறக்கல.

நாப்பத்தேழுக்குப் பேரு கீது சார். ரகுபதி. கடுதாசியில தகப்பன் பேரு வுட்டுப்போச்சி, எயுதிக்கோ: தேசப்பன். எனக்கு மூத்தவன். ட்ராலி கவுந்து தொட நசுங்கி, பின்னால சாக்குல படுத்துகினு வந்தான். எர்ணாவூர் வாராவதி மேல வண்டி நின்னுச்சி. தண்ணி ஊத்து நைனா, கெளம்பிரும்னானாம். இவரும் கீய உப்புக் கால்வாயில எறங்கி மொண்டாந்து ஊத்துனாரு. வேற தண்ணி ஏது?

நீ ஏன் குந்திட்ட? எந்திரி. ரெண்டு மணி சங்கு ஊதுது பாரு, ரெண்டு ஷிப்ட்டு ஆளுங்களும் இப்ப கேட்டாண்ட நிப்பாங்க. கதவத் தொறக்கச் சொல்லு. உங்க மானேஜர அங்க இட்டாந்து நிக்க வை. இந்த ப்ளக்க அவரு கையில நான் குடுக்குறேன். அத்தினி பேரு எதிர்லயும் வாயத் தொறந்து சொல்லட்டும், கொயாயப் பூட்டுனது யாரு?