ஸ்டேஷன்ல உட்டர்றேன், ஏறு கண்ணு

“…அதைத்தான் நானுங் கேக்கறேன்! காருன்னா ஏறி உக்கார்றாப்பல இருக்கோணுமா, கெணத்துக்குள்ள எறங்கறாப்பல இருக்கோணுமா? காலை நீட்டு கண்ணு. இன்னும் நல்லா நீட்டு. பாத்தயா, கட்டல்ல படுத்தாப்பல இருக்குதா? இதுக்குள்ளிருந்து எங்கூட்டுக்காரரு வெளிய வரோணும்னா ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுக்கோணும். இதப் போயி வாங்கி வாசல்ல நிறுத்திட்டாரே அந்த மனுசன்! கெரகம்! பெல்ட்டப் போட்டுக்க.”

வினிதா பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். போட்ட கையோடு மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்தாள். ஈரோட்டில் அன்று அவள் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். தங்கை கட்டப்போகும் பட்டுக்கு வினிதா தைத்த ஜாக்கெட் அந்தப் பைக்குள் இருந்தது. ரயிலைப் பிடிக்க ஆட்டோ தேடி வாசலுக்கு வந்தவளை, பக்கத்து வீட்டு மருதாளக்கா கூப்பிட்டு ஏற்றிக்கொண்டாள். வெண்ணெய் வாங்க ஊத்துக்குளி போகிறாளாம். போகிற வழியில் திருப்பூர் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறாளாம். வினிதா குடிவந்து ஒரு வாரந்தான் ஆகிறது. அந்தச் சிவப்புக் காரின் கதவு திறந்ததும் தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ஏன் சொல்லிவைத்தாற்போல வீட்டுக்குள் போனார்கள் என்று அவளுக்கு இப்போதுதான் லேசாகப் புரிந்தது.

“சீட்டு மெத்துன்னு இருக்குதல்ல? இருக்காதா பின்ன, நாந் தெச்ச கவராச்சே! அந்த வாத்தப் பாரு. எங்க பனியன் கம்பெனிக்கு, வெளிநாட்டுல கொழந்தைங்க போட்டுட்டுத் தூங்கற பைஜாமாவுக்கு வந்த ஆர்டரு. பிரிண்டு அடிக்கறப்ப வாத்துக்கு மூணாவதா ஒரு கண்ணு உழுந்துருச்சு. சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன் வேண்டாம்னுட்டான். ஏனுங்க, மூணு கண்ணு இருந்தா என்னங்க, எந்திரிச்சு வந்து மொறைக்கவா போகுது? அத்தனையும் நானே அள்ளியாந்துட்டேன். கியர்ல மாட்டியிருக்கறது அதே ஆர்டர்ல வந்த தொப்பி. இதுக்குன்னு கடையில கவர் விக்கறாங்களாமா… விப்பான், விப்பான். வாங்கறதுக்கு ஆளிருந்தா காத்தைக்கூடப் பொட்டலங் கட்டி விப்பான்.”

தொடைக்கடியிலிருந்து எட்டிப்பார்த்த முக்கண் வாத்தின்மேல் முழுப் பாரத்தையும் வைக்க வினிதாவுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கேயும் ஒரு வாத்து.

“எங்கூட்டுக்கு நீ இன்னும் வல்லீல்ல? வந்து பாரு. சாயத்துல சேடு மாறிப்போச்சுன்னு செவப்புத் துணி ஒரு ரோலு கம்பெனி மூலைல கெடந்துச்சு கண்ணு. பொன்னாட்டத் துணி! கர்ட்டன் தெச்சேன். மிச்சமிருந்துச்சு. சோபாவுக்குத் தெச்சேன். மிச்சம். தலகாணி தெச்சு உள்ள பனியன் வேஸ்ட்ட அடைச்சேன். அப்பயும் மிச்சம்! சிலிண்டருக்குப் பாவாடை, மிக்சிக்குச் சட்டை, பிரிட்ஜு கைப்புடிக்கு ஒறை… ரோலு தீரவே மாட்டீங்குது. கடைசில எங்கூட்டுக்காரருக்கு நாலு டவுசரு தெச்சுப் போட்டேன். அதப் போட்டுட்டு அவரு சோபால உக்காந்தா ஆளிருக்கறதே தெரியறதில்ல. அன்னைக்கு நாம்பாட்டுக்கு அவரு மேலயே உக்காந்துட்டேன். அப்பயும் வாயத் தொறக்கல அந்த மனுசன்! விருந்துக்கு ஒறம்பரையா வந்த அம்மா ஒண்ணு என்னமோ பூசை மண்டபம்னு நெனச்சு, கும்புட்டுட்டு உண்டியலத் தேடுச்சு… சிரிக்காத கண்ணு, நெசமாத்தான்.”

வினிதா சிரிக்கவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டிய முக்கு பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் விரலை நீட்டினாள். மருதாளக்கா அந்த விரலை ஒட்டி எட்டிப்பார்த்தாள்.

“ஆமாமா, அந்த பேக்கரில பன்னு நல்லாருக்கும்.”

கார் நேரே போயிற்று. பாலம் போயிற்று, சாயப்பட்டறை போயிற்று, லாரி ஷெட் போயிற்று. வீடுகள் குறைந்து தென்னந்தோப்பு வந்தது. வினிதா கைப்பேசியில் மணியைக் காட்டினாள். அக்கா அதன் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்கும் தன்னிடம் துணி இருப்பதாகச் சொன்னாள். அப்புறந்தான் ரோட்டைப் பார்த்தாள்.

“அட! ஸ்டேஷன் அப்பவே போயிருச்சா? சொல்றதுக்கென்ன கண்ணு, வாயில கொழுக்கட்டையா? எங்கூட்டுக்காரருக்குத்தான் ஊமைச்சாமின்னு பேரு, நீயுமா?”

வினிதாவுக்கு அழுகை முட்டியது. தங்கை பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்பது கண்ணுக்குள் வந்தது. அந்தச் சமயத்தில் பின்னால் எங்கோ ரயில் கூவியது. தென்னைகளுக்கு அப்பால் நீலப் பெட்டிகள் தெரிந்தன. திருப்பூரை விட்டுக் கிளம்பிய ஈரோட்டுப் பாசஞ்சர். அவள் ஏறியிருக்க வேண்டிய ரயில்.

“அதா உன்றது?” என்றாள் மருதாளக்கா. “அது ஊத்துக்குளில நிக்குமல்ல? அப்பறமென்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? நாம முன்னால போயி நின்னு, வா சாமின்னு அதைய வரவேக்கலாம்.”

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கியரின் தலையிலிருந்த குழந்தைத் தொப்பியைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தாள். காலை அழுத்தினாள்.

வினிதாவின் முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து ஒட்டிவைத்தாற்போல இருந்தது. வயிறு ஒரு கணம் பின்னாலேயே நின்றுவிட்டு ஓடிவந்து சேர்ந்தது. எஞ்சின் கத்தவில்லை, சாப்பிட்டு முடித்த புலிபோல அடித்தொண்டையில் உறுமியது. வேலிகள், போர்டுகள், ஒரு எருமை எல்லாம் வந்த வேகத்தில் பின்னால் போயின.

“இந்தச் சனியன் இருக்குதே… தொட்டாப் போதும். தொடக்கூட வேண்டாம், நெனச்சாப் போதும். பாரு, பாரு, டம்ளர்ல தண்ணியூத்தி வெச்சாச் சிந்தாது! இத வெச்சுட்டு நா என்ன பாடுபடறேன்னு ஆருக்குத் தெரியுது? பொழுதுக்கும் எங்கயாவது ஓட்டிட்டே இருக்கோணும். வெண்ணெ நம்ம தெருக்கோடிலயே கெடைக்குது. ஆனா அங்க நடந்தல்ல போகோணும்!”

முன்னால் ஒரு நீண்ட வளைவு வந்தது. அந்த வளைவில் மட்டும் மருதாளக்கா பேசவில்லை. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் பூப்போல இருந்தன. கார் ரோட்டைக் கட்டிப்பிடித்தபடி வழுக்கிக்கொண்டு திரும்பியது. வினிதா பையைப் பிடித்திருந்த பிடி எப்போது தளர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. வளைவு முடிந்தபோது அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரயில் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

“நல்லாருக்குதல்ல?” என்றாள் அக்கா, ரகசியம்போல. பிறகு உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டாள். “என்ன நல்லாருக்குது போ. மூட்டை ஏத்தறதுக்கு வெள்ளை வேனு ஒண்ணு வாங்கலாம்னாரு அவரு. ஏனுங்க, செவப்புக் கர்ட்டன் தொங்கற ஊட்டு முன்னால வெள்ளை வேனு நின்னா எடுப்பா இருக்குமுங்களான்னு நா ஒரு வார்த்தைதான் கேட்டேன். ஷோரூமுக்குக் கர்ட்டன் துணியக் கொண்டுபோயி வெச்சுப் பாத்தேன். இந்தக் காரு அப்படியே சேடு அச்சுப்புசகாம நின்னுச்சு. இதுதான்னு சொன்னேன். அவரு என்ன பண்ணோணும்? வேண்டாம்னு சொல்லோணுமல்ல? கையெழுத்துப் போட்டுட்டாரு! இப்ப அவரு துணிமூட்டையத் தன்ற மொபெட்டுல கட்டிட்டுத் திரியறாரு. பாக்கறவிய என்னையத்தான பேசறாங்க? தப்பு ஆருது கண்ணு, நீயே சொல்லு.”

சொல்ல வினிதாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊத்துக்குளி ஸ்டேஷன் வாசலில் கார் குலுங்காமல் நின்றது. பிளாட்பாரத்தில் ஆட்கள் எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

“இரு, சித்தெ இரு. அஞ்சு நிமிசம் இருக்குது. டிக்கில அந்த ரோலு மிச்சங் கெடக்குது. உங்கூட்டு சன்னலு மொட்டையா நிக்குது, நா தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எத்தனை அடின்னு சொல்லு, இங்கயே வெட்டிர்றேன்…”

மருதாளக்கா இறங்கிப் பின்னால் போய், டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பேசிக்கொண்டேயிருந்தாள். வினிதா மெல்லக் கதவைத் திறந்தாள். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டிக்கிக்குள்ளிருந்து “பக்கெட்டுக்குக்கூட ஒரு ஒறை தெக்கலாம் கண்ணு” என்ற குரல் வந்தபோது அவள் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டைக் காலையிலேயே கைப்பேசியில் எடுத்துவைத்திருந்தாள். ரயில் வந்தது, ஏறினாள், சன்னலோரம் இடம் கிடைத்தது. இனி நேரத்துக்குப் போய்விடலாம்.

ரயில் நகர்ந்தபோது எட்டிப் பார்த்தாள். மருதாளக்கா இடுப்பில் சிவப்புச் சுருளை இடுக்கிக்கொண்டு காலிச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வினிதாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். அக்கா பார்த்தாள். சுருளை டிக்கிக்குள் எறிந்தாள்.

ரோடும் தண்டவாளமும் ஒட்டிவருகிற இடத்தில் அந்தச் சிவப்புக் கார் வந்து சேர்ந்துகொண்டது. கண்ணாடியெல்லாம் இறங்கியிருந்தது. மருதாளக்காவின் வாய் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. ரயில் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சன்னல் பக்கம் வந்தார்கள். ரயில் வேகம் பிடித்தது. கார் ஒரு பெட்டி பின்தங்கியது.

வினிதா சன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினாள். அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பேச இடங்கிடைக்காதவள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

“மிதிங்கக்கா! இன்னும் வெசையா மிதிங்க!”