ஒண்ணு புள்ளி எட்டு வோல்ட்

உங்க ரூம்ல ஏசி நல்லா வேலை செய்யுது சார். ஊர்ல இருக்கிற காருக்கெல்லாம் குளிர் வைக்கிற ஆளுங்க நாங்க, எங்க ஷெட்ல ஒரே ஒரு டேபிள் ஃபேன். அதுவும் முதலாளி பக்கம்தான் திரும்பியிருக்கும். நிதானமா எழுதிக்கோங்க, எனக்கு அவசரமே இல்ல.

இந்த வேலையில எனக்குப் பதினேழு வருஷம். ஷெட்ல டாக்டர்னு எல்லாரும் சொல்றவர் என் சகலை, என் மனைவியோட தங்கச்சி வீட்டுக்காரர். நான்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். எந்தக் கார் வந்தாலும் ஸ்கேனரை மாட்டிட்டு, நாடி பார்க்கிற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு நிப்பார். டாக்டர்னு பேர் வச்சதும் நான்தான். தங்கமான மனுஷன் சார், வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது.

ஒரு நாள் முதலாளி, அடுத்த மாசத்துலேர்ந்து எலக்ட்ரிக்கல் பக்கம் முழுக்க டாக்டர் பார்க்கட்டும், நீங்க அவருக்கு ஒத்தாசையா இருங்கன்னார். நான் சரின்னேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன். காலையில பல்லு விளக்கும்போது ஒரு யோசனை வந்துச்சு, நுரையோட தனியா நின்னு சிரிச்சேன்.

உள்ள கேஸ் எவ்வளவு அழுத்தத்துல இருக்குன்னு ஒரு குட்டி சென்சர் காரோட கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். சொல்லலேன்னா கம்ப்ரஸர் ஓடாது. என் மனைவியோட நிறமில்லாத நகப்பூச்சுல ஒரு சொட்டு எடுத்து, சர்வீஸுக்கு வந்த ஒரு கார்ல அந்த சென்சர் ப்ளக்கோட வயர் பக்கத்துப் பின்னுல தடவினேன். கரண்ட் போகாது, கண்ணுக்கும் தெரியாது. டாக்டர் சென்சரை மாத்தினார், ரிலேவை மாத்தினார், கடைசியில கம்ப்யூட்டரையே சந்தேகப்பட்டார். மூணாம் நாள் நான் போய்த் தின்னர்ல ஒரு துடைப்பு, ஏசி ஜில்லுன்னு ஓடுது. கை தட்டினாங்க சார். வீட்டுல அவ நகப்பூச்சைக் காணோம்னு அலமாரியைக் கவிழ்த்துக்கிட்டிருந்தா. நானும் சேர்ந்து தேடினேன். சிரிப்பை அடக்க முடியாம கட்டிலுக்கு அடியில தலையை விட்டுக்கிட்டேன்.

அப்புறம் ருசி கண்ட பூனை கதைதான். ஒரே மாசத்துல அஞ்சு கார். அவ்வளவு சந்தோஷமா நான் வேலைக்குப் போனதே இல்ல, படியில தாவித் தாவி ஏறினேன்.

இதுக்கு நடுவுல, டாக்டர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுட்டுதான் வேலை பார்ப்பார். "என்ன சகலை, நீச்சலுக்குக் கிளம்பியாச்சா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். மறுநாள் எங்க ஷெட் பெயிண்டர், துவட்டிக்கோங்கன்னு துண்டை நீட்டினார். ஒரு வாரம் ஷெட்டே அதைச் சொல்லிச் சிரிச்சுது. பாவம், கழட்டி வச்சிட்டார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். கழட்டினதுக்கு அப்புறம்தான் எனக்கு அடுத்த யோசனை வந்துச்சு, அதையும் எழுதிக்கோங்க.

ஏன்னா முதலாளி மனசு மாறவே இல்ல. தப்பு பண்ணித்தானே கத்துக்கணும்னுட்டார்.

குளிர்ச்சி பத்தலேன்னு ஒரு வெள்ளைக் கார் வந்துச்சு. சென்சரோட சிக்னல் வயரை வெட்டி ரெண்டு ரெசிஸ்டரை வச்சேன். இனிமே உள்ள அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு புள்ளி எட்டு வோல்ட்னுதான் தெரியும், அதாவது எல்லாம் சௌக்கியம். சௌக்கியமா இருக்கிறப்ப கம்ப்ரஸரை யாரு நிறுத்துவாங்க? முன்னாடி சூட்டைத் தணிக்கிற ஃபேனும் வேகம் எடுக்காது. கேஸ் போற ஹோஸ் ஒண்ணு கழுத்துக்கிட்ட உப்பியிருந்துச்சு. அதை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மத்தியானம், நல்ல வெயில். டாக்டர் பானட்டுக்குள்ள மீட்டரோட நிக்கிறார். நான் டிரைவர் சீட்ல.

"சகலை, கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க."

பண்ணினேன்.

"இன்னும் கொஞ்சம். ஒண்ணு புள்ளி எட்டுலயே நிக்குதே, அசையவே மாட்டேங்குது."

"நல்லாக் குனிஞ்சு பாருங்க சகலை."

குனிஞ்சார். நான் மிதிச்ச காலை எடுக்கல. உப்பின ஹோஸ் வெடிச்சுது. அந்தக் கேஸ் பீறிட்டு வந்தா ஐஸை விடக் குளிர்ச்சி சார், தொட்ட இடம் வெந்து போயிடும். ரெண்டு கண்ணும் போச்சு. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். "மாமா, நீங்க பக்கத்துல இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்"னு மச்சினி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், நிஜமாவே அழுகை வந்துச்சு.

யாரும் என்னைச் சந்தேகப்படல. நான் பாட்டுக்கு இருந்திருக்கலாம்.

பத்தாம் நாள், கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டே டாக்டர் முதலாளிகிட்ட சொல்றார். "வண்டி நின்னப்பவும் ஒண்ணு புள்ளி எட்டு, ஓடினப்பவும் ஒண்ணு புள்ளி எட்டு. அப்படி இருக்கவே முடியாது. யாரோ ரெசிஸ்டர் வச்சிருக்காங்க. சென்சர் ப்ளக் பின்னாடி பிரிச்சுப் பாருங்க." கண்ணு போனாலும் டாக்டர் டாக்டர்தான்னு பெயிண்டர் தேம்பினார். நாற்காலியில உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாப் போதும், எலக்ட்ரிக்கல் அவருக்குத்தான்னு முதலாளி அங்கயே சொல்லிட்டார். பிரிச்சுப் பார்த்தாங்க, ப்ளக் பின்னாடி ஒண்ணும் இல்ல. அப்பவும், டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், வேற எங்கயாவது இருக்கும்கிறாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அதான் நானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்துட்டேன்.

நான் வச்சது பேட்டரித் தட்டுக்கு அடியில, வயர்க்கட்டுக்கு உள்ள. இதைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க சார். அவர் கண்டுபிடிக்கல.